பூசணிக்காய் உடைத்த வீடு

தண்ணீர் பீய்ச்சும் என்ஜினின் கயிற்றை மூன்றாவது தடவை இழுத்த பிறகுதான் அது உறுமிக்கொண்டு கிளம்பியது. போர்ட்டிகோவில் பிரம்பு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அர்த்தநாரி அந்த மூன்று இழுப்பையும் எண்ணிக்கொண்டிருந்தார் என்று ராக்கிமுத்துவுக்குப் பட்டது. எண்ணட்டும். கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவராம், அடுத்தவன் கயிறு இழுப்பதை எண்ணுவதைத் தவிர அவருக்கு வேறு என்ன சோலி. ராக்கிமுத்து காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, ரப்பர் பூட்ஸை ஏற்றிவிட்டுக்கொண்டு, வட்டின் கைப்பிடியைப் பிடித்தான். சர்ஃபேஸ் கிளீனர் என்பது கடையில் சொல்லும் பெயர். அவனுக்கு அது வட்டுதான். கவிழ்த்துப்போட்ட அகலமான சட்டி, மேலே நீளமாக ஒரு கைப்பிடி, உள்ளே சுழலும் குறுக்குக் கம்பியின் இரண்டு முனையிலும் ஊசித்துளை. கைப்பிடியை அழுத்தினால் அந்தத் துளைகளிலிருந்து பாயும் தண்ணீர் கான்கிரீட்டின் அழுக்கைத் தோலோடு உரித்துவிடும். ஆள் நிதானமாகத் தள்ளிக்கொண்டு நடந்தால் போதும். நிற்க மட்டும் கூடாது. நின்றால் நின்ற இடத்தில் தளத்தில் வட்டம் விழும், அது ஜென்மத்துக்கும் போகாது. அவன் அழுத்தினான். கரும்பச்சைப் பாசி கிழிந்து அடியில் வெளுப்பாகத் தளம் தெரிந்தது. கார் ஏறுகிற சரிவு, போர்ட்டிகோவிலிருந்து கேட் வரைக்கும் நாற்பதடி இருக்கும். மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வர வேண்டும், கேட்டருகில் இருக்கும் அந்தக் கறைக்குக் கடைசியில்தான் போக வேண்டும். அங்கே போய் என்ஜினை நிறுத்திவிட்டு இந்த ஆளைக் கூப்பிட வேண்டும். ஆமாங்க, போன வருசம் பூசணிக்காயை நாந்தானுங்க ரோட்டுல ஒடைச்சேன் என்று இவர் வாயாலேயே சொல்ல வைக்காமல் இன்றைக்கு இந்த கேட்டைத் தாண்டுவதில்லை. மன்னிப்புக்கூட வேண்டாம். அந்த ஒரு வாக்கியம் போதும். அதைக் கொண்டுபோய் வீட்டில் பெண்டாட்டி வசந்தாமணியின் முன்னால் வைத்தால் போதும், பார், நான் இல்லை, அந்த ஆள்தான் என்று.

நீயா என்று யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. அவன் வட்டை வேகமாகத் தள்ளினான். போன வருடம் விஜயதசமி அன்று காலை பத்து மணி சுமாருக்கு இந்த கேட்டுக்கு நேர் வெளியே, வீதியின் நடுவில், அவன் வண்டி சறுக்கியது. முதல் நாள் ஆயுத பூஜை. எவனோ திருஷ்டி கழித்து உடைத்த பூசணிக்காய். எவனோ என்ன எவனோ, இந்த ஆள்தான். துளை போட்டு உள்ளே மஞ்சளும் சுண்ணாம்பும் குங்குமமும் கரைத்து ஊற்றி, மேலே கற்பூரம் ஏற்றி, மூன்று சுற்றுச் சுற்றி ஓங்கி ஒரே போடு. காருக்குப் பட்ட கண்ணு, வீட்டுக்குப் பட்ட கண்ணு, வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குப் பட்ட கண்ணு எல்லாம் தொலைந்தது. ரோட்டில் போகிறவன் எக்கேடு கெட்டால் என்ன. அடுத்த நாள் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் கிடக்கும், சக்கரம் ஏறினால் சோப்பு. பின்னால் உட்கார்ந்திருந்த வசந்தாமணி இடது பக்கமாக விழுந்தாள். இடுப்பு எலும்பு உடைந்த சத்தம் என் காதில் கேட்டது என்று அவன் எல்லோரிடமும் சொல்வான். நிஜத்தில் அந்தச் சத்தம் கேட்கவில்லை. காதில் கேட்டுக்கொண்டிருந்தது வேறு. அதை விடு. அவன் எழுந்து நின்றபோது கண்ணெதிரே இருந்தது இந்தக் கருப்பு கேட், பித்தளைப் பெயர்ப்பலகை, கம்பிகளுக்கு உள்ளே சரிவின் அடியில் சிவப்பாகப் பரவிய ஒரு கறை. ரோட்டில் சிவப்பு, உள்ளேயும் சிவப்பு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மாடியில் துணி காயப்போட்ட ஒரு பெண் கத்தினாள், முக்கிலிருந்து ஆட்டோக்காரர் ஓடி வந்தார், யாரோ தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். இந்த கேட் மட்டும் திறக்கவில்லை. உள்ளே ஆள் இருந்தது. ஜன்னல் திரை விலகி மறுபடி மூடியதை அவன் பார்த்தான். அந்தத் திரை ஒரு வருடமாக அவனுக்குள் விலகி விலகி மூடிக்கொண்டிருக்கிறது. தன் தொழிலின் துண்டு நோட்டீஸை இந்த வீதியில் வேறு எந்த வீட்டுக்கும் போடாமல் இந்த கேட்டில் மட்டும் மூன்று தடவை செருகினான். மூன்றாவதுக்குப் போன் வந்தது.

வந்து பார்த்தால், நினைத்ததற்கு மேல் இருந்தது. வாசலில் ஒரு புள்ளிக் கோலம் கிடையாது. தொட்டிச் செடிகள் அத்தனையும் கருகிக் கிடந்தன. இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டிக்கொண்டு ஒரு குடம் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற மனசில்லாத கஞ்சம். டீ கொடுத்தார், அதுவும் பேப்பர் கப்பில். இவன் வாய் வைத்தால் டம்ளர் தேய்ந்துபோகும் போலிருக்கிறது. பாதிச் சரிவு முடிந்தபோது அர்த்தநாரி எழுந்து கையை ஆட்டினார். ராக்கிமுத்து என்ஜினை நிறுத்தி, ஒரு காதிலிருந்து மட்டும் பஞ்சை எடுத்தான். இரண்டு காதையும் திறக்கிற அளவுக்கு இந்த ஆளுக்கு மரியாதை தேவையில்லை. "தண்ணி போதுமுங்களா தம்பி? தொட்டியில பாதிதா இருந்துச்சு. மோட்டாரப் போடட்டுங்களா?" என்றார். "போதுமுங்க சார்." "அந்த கேட்டுக்கிட்ட ஒரு கறை இருக்குதுங்க. அது போகுமுங்களா?" தானாக வந்து வலையில் விழுகிறாரே. "அது என்ன கறைங்க சார்?" என்றான். அவர் கேட் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பழைய கறைங்க. ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. பையன் போன்ல சத்தம் போடறானுங்க, அதா வருசம் முடிஞ்சிருச்சே, இன்னும் எதுக்கு வாசலை இப்பிடிப் போட்டு வெச்சிருக்கீங்கன்னு. அதுக்குத்தா உங்களக் கூப்புட்டனுங்க." வருசம் முடிந்துவிட்டதாம். அடுத்த வாரம் ஆயுத பூஜை. போன வருடக் கறையைக் கழுவிவிட்டு இந்த வருடத்துப் பூசணிக்காய்க்கு இடம் சுத்தம் செய்கிறார்கள், அப்பனும் மகனும். அந்தக் கணமே கேட்டிருக்கலாம். கழுத்தைப் பிடித்துக் கேட்டிருக்கலாம். ஆனால் அவன் வாயிலிருந்து வந்தது, "பாக்கலாமுங்க சார்" என்பதுதான். உள்ளே பற்றி எரிந்தாலும் வாயைத் திறந்தால் 'ங்க' வந்து ஒட்டிக்கொள்கிற ஊரில் பிறந்தது அவன் தலையெழுத்து.

மறுபடி கயிறு, மறுபடி உறுமல். வட்டு இறங்கியது. ஒரு தடம் போய்த் திரும்பி, பாதித் தடம் ஏற்றி இன்னொரு தடம். உள்ளங்கையிலிருந்து தோள் வரைக்கும் அதிர்ந்தது. காலையில் கிளம்பும்போது வசந்தாமணி அடுப்புக்கு முன்னால் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள், வாக்கர் சுவரில் சாய்ந்திருந்தது. தையல் கம்பெனியில் பதினாறு வருடம் மிஷினில் உட்கார்ந்தவள். இப்போது அரைமணி நேரம் ஒரே இடத்தில் உட்கார முடியாது. "அந்த வீட்டுக்குத்தான் போறேன். இன்னைக்கு அவன் வாயில இருந்தே வர வெக்கறனா இல்லையா பாரு" என்றான். அவள் தோசையைத் திருப்பினாள். "எதுக்குங்க" என்றாள். "எதுக்கா? உன்னைய இப்பிடி ஆக்குனவன் அவன். தெரியாம இருந்தா விட்டறலாம். தெரிஞ்சு எப்படி விடறது?" அவள் தட்டில் தோசையை வைத்து அவன் பக்கம் தள்ளினாள். அவள் ஒரு வருடமாக இப்படித்தான். ஆஸ்பத்திரியில் அவள் தங்கச்சி ஓடி வந்து, எப்பிடிக்கா ஆச்சு என்று அழுதபோது, வண்டி சறுக்கிருச்சு என்றாள். சொந்தக்காரர்கள் கேட்டார்கள், கம்பெனிக்காரிகள் கேட்டார்கள். எல்லோருக்கும் அதே பதில். வண்டி சறுக்கிருச்சு. இவர் ஓட்டினார் என்று சொல்லமாட்டாள். பூசணிக்காய் என்றுகூடச் சொல்லமாட்டாள். ஒரு நாளாவது திட்டியிருந்தால் அவனும் திரும்பக் கத்தியிருப்பான், தட்டைத் தூக்கி எறிந்திருப்பான், மறுநாள் சரியாகியிருக்கும். அவள் திட்டவே மாட்டாள். வாக்கரைத் தூக்கி வைத்து, நகர்ந்து, தூக்கி வைத்து, நகர்ந்து, குளியலறைக்குப் போவாள். அந்த டக் டக் சத்தத்துக்கு அவன் வீட்டில் டிவியை உரக்க வைக்கப் பழகிவிட்டான். அவளை நினைத்துப் பாவப்படுகிறானா, இல்லை அவள் மேல் ஆத்திரப்படுகிறானா என்பது அவனுக்கே பிடிபடவில்லை. சில சமயம் அவள் சும்மா இருப்பதே தன்னைக் குத்துவதற்காகத்தான் என்று தோன்றும். அப்படித் தோன்றியதற்காக அவன் தன்னை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொள்வான். அதுவும் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்காது. உடனே இந்தக் கருப்பு கேட் வந்து நிற்கும். அப்பாடா என்றிருக்கும்.

போன் வந்தது. அன்றைக்கு, வண்டியில் போகும்போது. வந்தால் என்ன, எவன்தான் பேசவில்லை, கோயமுத்தூரில் பாதிப் பேர் ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டுதான் போகிறார்கள். தண்ணித் தொட்டி கழுவ எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டான் ஒருத்தன். இரண்டு மணி நேரம் என்றான் இவன். மேலே தொட்டியா, கீழே தொட்டியா என்று இவன் கேட்டான். கண் ரோட்டில்தான் இருந்தது. காது மட்டும்தான் அங்கே. கண் இருந்தால் போதாதா வண்டி ஓட்ட? கண்ணுக்குத் தெரியாத மாதிரி அதை உடைத்துப் போட்டது யார் குற்றம்? பின்னால் அவள் தோளில் தட்டினாள். தட்டினால் என்ன, பொம்பளைகள் பின்னால் உட்கார்ந்தால் தட்டத்தான் செய்வார்கள், முந்தானை பறக்கிறது என்று தட்டுவார்கள், தெரிந்த வீடு வந்தால் தட்டுவார்கள். இரண்டு தடவை தட்டினாள். இவன் இடது கையைத் தூக்கி... திடீரென்று கைப்பிடி துள்ளியது. குனிந்து பார்த்தான். வட்டு நின்ற இடத்திலேயே நின்று சுழன்றுகொண்டிருந்தது. நகர்த்தினான். தளத்தில் தோசைக்கல் அகலத்துக்கு ஒரு வட்டம், மற்ற இடத்தைவிட வெள்ளையாக, மணல் தெரியப் பிசிறிக்கொண்டு. ஐந்து வருடத் தொழிலில் ஒரு வீட்டிலும் அவன் இப்படி வட்டம் போட்டதில்லை. சனியன். எல்லாம் இந்த ஆளால். நாற்காலியைத் திரும்பிப் பார்த்தான். அர்த்தநாரி பார்க்கவில்லை. மடியில் பேப்பரை வைத்துக்கொண்டு, அதையும் படிக்காமல், கேட்டுக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துச் சத்தம் போட்டிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். சண்டையை அங்கிருந்தே ஆரம்பித்திருக்கலாம்.

கறை வந்துவிட்டது. பாசியும் மண்ணும் மூடியிருந்ததில் மேலோட்டமாகப் பார்த்தால் செம்பழுப்பாக ஒரு தீற்றல், கேட் பக்கமாக ஓடி இறங்கிய ஒரு வால். ராக்கிமுத்து கைப்பிடியை இறுக்கிக்கொண்டு வட்டை அதன்மேல் ஏற்றினான். சேறு பிய்த்துக்கொண்டு பறந்து பூட்ஸில் அடித்தது. ஒரு தடம் போனான். திரும்பினான். பாசி போயிருந்தது, மண் போயிருந்தது, கறை போகவில்லை. போகாதது மட்டுமில்லை, துடைத்துவிட்ட மாதிரி இன்னும் பளிச்சென்று சிவந்திருந்தது. இன்னொரு தடம். இன்னும் சிவப்பு. அவன் கை தெரிந்துகொண்டது, மனது மாட்டேன் என்றது. மஞ்சள் வெயிலுக்கு நிற்காது, சேலையில் பட்டால் கொடியில் காயப்போட்டு எடுத்துவிடுவாள் வசந்தாமணி. குங்குமம் நாலு மழைக்குத் தாங்காது. தண்ணீர் பட்டால் சிவக்கிற கறை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். இரும்புக் கறை. துரு. அதற்குத் தண்ணீர் எவ்வளவு அடித்தாலும் பயனில்லை, வேறு மருந்து வேண்டும். இது தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் படித்த பாடம். இருக்கட்டும். பூசணிக்காயை வெட்டிய கத்தி துருவாக இருந்திருக்கும். குங்குமத்தில் கலப்படம், இந்தக் காலத்தில் எதில்தான் கலப்படம் இல்லை, இரும்புத் தூளைக் கலந்து விற்றிருப்பான். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினான். சேற்றுத் தண்ணீர் வடிந்தது. வடிந்த பிறகு நான்கு சதுரங்கள் தெரிந்தன. ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு, அடர்ந்த சிவப்பு. தலைப்பக்கம் இரண்டு, கால்பக்கம் இரண்டு. நடுவே ஒரு ஆள் நீளம். தலைப்பக்கம் என்று ஏன் தோன்றியது என்று அவனுக்குத் தெரியவில்லை. பூசணிக்காய்க்கு ஏது நாலு கால்? அந்த நான்கு சதுரங்களுக்கு நடுவே ஒழுகி, தேங்கி, பிறகு கேட்டைப் பார்த்து ஓடியிருக்கிறது தண்ணீர். நாள்கணக்கில் ஒழுகியிருந்தால்தான் இப்படிப் படியும். ராக்கிமுத்து கைப்பிடியை விட்டான். என்ஜினை நிறுத்தினான். இரண்டு காதிலிருந்தும் பஞ்சை எடுத்தான்.

அர்த்தநாரி செருப்பைப் போட்டுக்கொண்டு ஈரத்தில் வழுக்கிவிடாமல் ஓரமாக நடந்து வந்தார். வந்து அந்த நான்கு அடையாளத்துக்கும் முன்னால் நின்றார். மிதிக்கவில்லை. "போகலைங்களா?" என்றார். "துருங்க சார்." "ஆமாங்க. பொட்டி." ராக்கிமுத்து குனிந்து அந்தச் சதுரங்களைப் பார்த்தான். "ஐஸ் பொட்டிங்க. வாடகைக்குக் கொண்டாந்து வெச்சாங்க. அந்த ஸ்டேண்டு பழசு போல, தண்ணி சொட்டிக்கிட்டே இருந்துச்சு. பையன் அங்கிருந்து வந்து சேர மூணு நாளாயிருச்சுங்க. உள்ள எடம் பத்தாதுன்னு இங்கதா சாமியானாப் போட்டு வெச்சிருந்தோம்." "யாருங்க சார்?" "வீட்டுக்காரிங்க. போன வருசம் ஆடி மாசக் கடைசி. போன மாசந்தா வருசத் திதி கொடுத்தோம்." ராக்கிமுத்துவின் வாய் மட்டும் தன் பாட்டுக்கு வேலை செய்தது. கேட்க வேண்டும் என்று ஒரு வருடமாக உருப்போட்ட கேள்வி அது, நிறுத்த முடியவில்லை. "அப்ப போன வருசம் ஆயுத பூஜைக்கு நீங்க பூசணிக்கா..." "எங்கத்த தம்பி? எழவு வீட்டுல பண்டிகை ஏது? வெளக்கே ஏத்துல. கேட்டைக்கூடத் தொறக்கறதில்லீங்க அப்பெல்லாம். அந்த விஜயதசமி அன்னைக்கு வெளிய ஏதோ வண்டி விழுந்து சத்தமாக் கெடந்துச்சு. ஜன்னல்ல பாத்தேன், ஒரு பொம்பள கீழ கெடந்தாங்க. எனக்குக் கையும் காலும் ஓடுல. திரையப் போட்டுட்டு உள்ள போயி உக்காந்துட்டேன். இன்னொரு பொம்பள கெடக்கறதப் பாக்க முடிலீங்க." அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமல் மறுபடி போட்டுக்கொண்டார். "நீங்க எதுக்குங் கேக்கறீங்க?" "சும்மாதானுங்க சார்."

சும்மாதான். ராக்கிமுத்து ஹோஸைச் சுருட்டத் தொடங்கினான். இரக்கம் வர வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். வந்தது கோபம்தான். முன்பு இருந்ததைவிடப் பெரிய கோபம். இந்தக் கிழவர் ஏன் உடைக்கவில்லை? ஒரு வருடமாக ஒவ்வொரு நாளும் இவரை வைத்து எழுந்தான், இவரை வைத்துச் சாப்பிட்டான், வாக்கர் சத்தம் கேட்கும்போதெல்லாம் இவர் கேட்டுக்கு ஓடி வந்து நின்றான். இப்போது சாவகாசமாக, நான் உடைக்கவில்லை, என் பெண்டாட்டி செத்துவிட்டாள் என்கிறார். செத்தவளை வைத்துத் தப்பித்துக்கொண்டார். அந்த அம்மாள் இரண்டு மாதம் கழித்துச் செத்திருந்தால் என்ன என்று நினைத்தான். நினைத்துவிட்டு ஹோஸைப் பார்த்தான். நினைத்தது நினைத்ததுதான், வாபஸ் வாங்க முடியாது. இவர் பூசணிக்காய் உடைக்காததை அவனால் மன்னிக்க முடியவில்லை. ஓட இனி இடமில்லாமல் போனதும் அது வந்து நேராக நின்றுகொண்டது, அன்றைக்கு அவள் தோளில் தட்டியது. ஏனுங்க, முன்னால பூசணிக்கா கெடக்குது, பாத்துப் போங்க என்றாள் வசந்தாமணி. தெளிவாகச் சொன்னாள். காதில் விழுந்தது. ஒவ்வொரு எழுத்தும் விழுந்தது. மேலே தொட்டியா, கீழே தொட்டியா என்று கேட்டுக்கொண்டிருந்தவன், ஹேண்டில்பாரிலிருந்து இடது கையை எடுத்து, பின்பக்கமாக உயர்த்தி, "இரு" என்றான். ஒற்றைக் கையில் வண்டி ஏறியது. விழுவதற்கு முன் அவள் அவனுக்குச் சொன்னது அது. அவன் அவளுக்குச் சொன்னது இது. வண்டி சறுக்கிருச்சு என்று ஊருக்கெல்லாம் சொல்கிறாளே, அவளுக்கு மறந்துவிட்டது என்றுதானே நம்பிக்கொண்டிருந்தான். மறக்கவில்லை. எதுக்குங்க என்று இன்று காலையில் கேட்டாளே, அது மறந்தவள் கேட்கிற கேள்வி இல்லை. எல்லாம் தெரிந்தே தோசை வைத்தாள். எல்லாம் தெரிந்தே ஒரு வருடம் அவன் இந்த கேட்டைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்று மத்தியானம் வீட்டுக்குப் போனால், அவர் இல்லையாம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவள் தலையை ஆட்டுவாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர்கள் இருவர் மட்டும்தான் இருப்பார்கள், குற்றம் சொல்ல மூன்றாவது ஆள் கிடையாது.

அவன் வட்டை வேனில் ஏற்றினான். துருவுக்கான மருந்து டப்பா சீட்டுக்கு அடியில்தான் இருந்தது. "இது போகாதுங்க சார்" என்றான். அர்த்தநாரி தலையை ஆட்டினார். "போகாட்டி இருக்கட்டுங்க" என்றார், ஏதோ நல்ல செய்தி கேட்டவர் போல. அதுவும் ராக்கிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. வேன் கதவைச் சாத்திவிட்டு வீதியில் நின்றான். கிளம்பிவிடலாம், சாவி கையில் இருக்கிறது. கால் நகரவில்லை. எதிர்ப்பக்கம் பச்சை கேட் போட்ட வீடு. வாசலில் புதுக் கார். கார் முன்னால் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டிருந்தது. அவன் திரும்பி வந்தான். "சார், எதிர்வீட்டுக்காரங்க எப்படீங்க? ஆயுத பூஜைக்குப் பூசணிக்கா ஒடைப்பாங்களா?" என்று கேட்டான். குரல் ஆவலாக இருந்தது, அவனுக்கே கேட்டது. அர்த்தநாரி புரியாமல் அவனைப் பார்த்தார். "இந்த வீதியில எல்லாரும் ஒடைப்பாங்களே தம்பி" என்றார். ராக்கிமுத்து வீதியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தான். இந்தப் பக்கம் ஏழு கேட், அந்தப் பக்கம் எட்டு.